கால் விழுந்த காலைகள்

சதீஸ்குமாருக்கு முதல் தடவை கால் விழுந்தபோது சுதர்ஷினி அதை நம்பவில்லை.

முந்தின நாள் பண்டாரவளையில் அவளுடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின இரண்டு நாளும் சதீஸ்குமார் கவ்வாத்து மலையில் நின்றான். வளர்ந்து முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. தோட்டத்தில் ஆண்கள் செய்யும் வேலைகளில் உடம்பை அதிகம் பிழிவது அதுதான். கல்யாண வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பாயசம் வேறு இரண்டு டம்ளர். சாயங்கால பஸ்ஸில் ஹல்துமுல்லைக்கு வந்து இறங்கி, மகளைத் தோளில் சுமந்துகொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் மேல்கணக்கு லயத்துக்கு ஏறினான். படுத்தவன் காலையில் எழும்பவில்லை.

"என்னங்க, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று சுதர்ஷினி உலுக்கினாள். காலையில் வேலைக்காரர்களைக் கூட்டிப் பெயர் வாசித்து மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டு ஆறரைக்கே தொடங்கிவிடும்.

"கால் வரமாட்டேங்குது சுதா."

"நேத்து யாரோட சேர்ந்து குடிச்சீங்க?"

அவன் குடிக்கிறவன் இல்லை. கல்யாணம் முடித்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் அவனிடம் அந்த வாடை வந்ததில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் போத்தல் திறந்ததை அவள் பார்த்திருந்தாள். முப்பது வயது ஆண், காலையில் கட்டிலில் கிடந்து கால் வரவில்லை என்றால் வேறென்ன நினைப்பது?

அவன் கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பார்த்தான். தொடை இரண்டும் நனைந்த சாக்குப்போல் கிடந்தன. கட்டிலை விட்டு நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தான். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடப் போனவளை அவன் தடுத்தான். பதினொரு மணிக்கு விரல் அசைந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பிடித்து நின்றான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒன்றும் நடக்காதவன்போல் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

சுதர்ஷினி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமாது வந்து குழந்தைகளை நிறுப்பார். எடையை அட்டையில் குறித்து, புள்ளிகளைக் கோடு போட்டு இணைப்பது சுதர்ஷினி. கோடு கீழே இறங்கினால் அந்தக் குழந்தைக்கு ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணால்தான் அவள் புருஷனைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவன் முன்பைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டான். ஆனால் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிய ஓட்டை போட்டான். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. பனி இறங்கி எல்லோரும் கம்பளிக்குள் முடங்கும் சாயங்காலத்தில் அவன் பனியனோடு வாசலில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி கிளாசைக் கையில் வாங்கினால் தட்டில் கடகடவென்று சத்தம் வந்தது. மகள் ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் எரிந்து விழுந்தான். பிறகு தானே போய் அவளைத் தூக்கிக் கொஞ்சினான்.

தீபாவளிக்கு மறுநாள் இரண்டாம் தடவை விழுந்தது.

இந்த முறை மறைக்க முடியவில்லை. கவ்வாத்துக்கு ஆள் குறைந்ததால் கணக்கப்பிள்ளை மாரிசாமியே லயத்துக்கு வந்துவிட்டார். மலையில் வேலையை மேற்பார்க்கிறவர், கடுமையானவர், ஆனால் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் இருப்பவரையும் கூட்டி வந்திருந்தார். மருந்துச்சாலைக்காரர் ஊசி ஒன்றை எடுத்து சதீஸ்குமாரின் உள்ளங்காலில் குத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

இன்னொரு இடத்தில் குத்தினார். "இங்க?"

"அங்கயும் வலிக்குதுங்க."

மருந்துச்சாலைக்காரர் மாரிசாமியைப் பார்த்துச் சிரித்தார். "வலி தெரியுதாம். கால் மட்டும் அசையலையாம்."

வாசலில் கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். மாரிசாமி சிரிக்கவில்லை. "தீவாளிக்குக் குடிச்சிட்டுப் படுத்திருக்கேன்னு சொன்னாக்கூட விட்ருவேன்டா. இப்படி நடிக்காத" என்றார்.

பக்கத்து டவுனில் இருந்த சிறிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஓட்டோவில் கொண்டு போனார்கள். கூட்டத்தில் காத்திருந்து முறை வருவதற்குள் பின்னேரம் ஆகிவிட்டது. அதற்குள் அவன் தானே எழுந்து நின்றான். நடந்து உள்ளே போனவனிடம் டொக்டர் என்ன கண்டுபிடிப்பார்? துண்டில் விற்றமின் எழுதித் தந்தார்கள். அந்த வாரமே தோட்ட ஆபீசிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மதுபோதையால் வேலைக்குச் சமூகமளிக்கவில்லை என்று அதில் இருந்தது. மலையில் இளைஞர்கள் அவனை 'நடிகர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவன் அந்தக் கடிதத்தைப் பலமுறை வாசித்தான். "நான் குடிக்கலைனு உனக்காவது தெரியுமா?" என்று கேட்டான். முதல் நாள் தான் கேட்ட கேள்வி சுதர்ஷினியின் நெஞ்சில் குத்தியது.

சுவரில் தொங்கிய கலண்டரை அவள் கழற்றினாள். கல்யாணத்துக்கு மறுநாளையும் தீபாவளிக்கு மறுநாளையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் முந்தின நாள் என்ன வேலை, என்ன சாப்பாடு என்று எழுதினாள். இரண்டிலும் ஒன்றே வந்தது. கவ்வாத்து, நிறையச் சோறு, இனிப்பு, தூக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எழுதினாள். சாப்பிட்ட அளவு, வேர்வை, கை நடுக்கம். என்ன நோய் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இது நடிப்பு இல்லை என்பதற்கு அவள் கையில் கோடு ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் அவனுக்குக் கையும் விழுந்தது. தலையைக்கூடத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை. சுதர்ஷினி யாருக்கும் காத்திருக்கவில்லை. 1990-க்கு அடித்து அம்புலன்சை வரவழைத்தாள். மகளைப் பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மாவிடம் விட்டாள். கலண்டரைப் புது வருஷத்துத் தாளோடு சேர்த்துச் சுருட்டிக் கைப்பையில் வைத்தாள். ஏறும்போது அம்புலன்ஸ்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கால் திரும்பி வர்றதுக்குள்ள டொக்டர்கிட்ட காட்டணும். சீக்கிரம் போவீங்களா?"

எட்டு மணி தாண்டியபோது பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இருந்தார்கள். அவனைப் பார்த்த டொக்டர் ஓர் இளம் பெண், பெயர் றுமைஸா. தமிழில் பேசினார். அதுவே சுதர்ஷினிக்குப் பாதி உயிர் வந்ததுபோல் இருந்தது. டொக்டர் அவனுடைய முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. ஊசியால் தொட்டார். வலித்தது. அவர் சிரிக்கவில்லை. நாடியைப் பிடித்தவர் கையை எடுக்காமல் கடிகாரத்தையே பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு. படுத்திருக்கிற ஆளுக்கு இது கூட."

நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசீஜீ எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் தாதி ஒருத்தி ஓடிவந்து டொக்டரிடம் ஒரு எண்ணைச் சொன்னாள்.

"பொட்டாசியம் ஒன்று தசம் எட்டு" என்று றுமைஸா சுதர்ஷினிக்கு விளக்கினார். "இரத்தத்துல இருக்கிற ஒரு உப்பு அது. மூன்றரைக்குக் கீழ போகக்கூடாது. அதில்லாம தசை வேலை செய்யாது. நரம்புல உணர்ச்சி இருக்கும், ஊசி குத்தினா வலிக்கும். ஆனா தசை சுருங்காது. அதுதான் எழும்ப ஏலாம இருக்கார்."

சுதர்ஷினி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். "டொக்டர், அதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்க."

"எதை?"

"ஊசி குத்தினா வலிக்கும், ஆனா எழும்ப ஏலாதுன்னு."

றுமைஸா திரும்பச் சொன்னார். கட்டிலில் கிடந்த சதீஸ்குமார் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. சுதர்ஷினி துடைத்துவிட்டாள்.

இதயத்தை மெஷினில் பார்த்துக்கொண்டே பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பகல் ஒரு மணிக்கு வலது கால் பெருவிரல் ஆடியது. மூன்று மணிக்கு முழங்காலை மடக்கினான். மற்றவர்களாக இருந்தால் அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சுதர்ஷினி டொக்டரின் மேசைக்குப் போய்க் கலண்டரை விரித்தாள்.

"டொக்டர், உப்பு குறைஞ்சது சரி. ஆனா ஏன் குறைஞ்சது? அவரு சாப்பிடுறதைப் பாருங்க. இவ்வளவு சாப்பிட்டும் ஆள் வத்திப் போறாரு. நான் புள்ளமடுவத்துல வேலை செய்றேன். ஒரு புள்ள இப்படி இருந்தா நாங்க சும்மா அனுப்ப மாட்டோம்."

றுமைஸா கலண்டரைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்பு வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, அவருகிட்டப் போவோம். எனக்கும் அந்த நாடியில ஒரு சந்தேகம் இருந்தது."

சதீஸ்குமாரை உட்கார வைத்துக் கைகளை முன்னால் நீட்டச் சொன்னார். விரித்த விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றே இல்லாத வார்ட்டில் அந்தத் தாள் படபடத்தது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார், பின்னால் நின்று விரல்களால் தடவினார்.

"சொந்தத்துல யாருக்காவது கழுத்துல கட்டி இருந்ததா?"

"எங்க சின்னம்மாவுக்கு ஒப்பரேஷன் செஞ்சாங்க" என்றான் அவன். "தைரொயிட்னு சொன்னாங்க. ஆனா அது பொம்பளைங்களுக்கு வர்றதுங்களே."

"கூடுதலா அவங்களுக்குத்தான். ஆனா அதால கால் விழுறது பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மேல வேலை செஞ்சா, நிறையச் சாப்பிட்டு, பாடுபட்டு, அப்புறம் ஓய்வெடுக்கும்போது பொட்டாசியம் இரத்தத்துல இருந்து தசைக்குள்ள ஓடிரும். இது எங்க புத்தகத்துல இருக்கு. நான் நேர்ல பார்க்கிறது இதுதான் முதல் தரம்." அவர் குரலில் ஒரு துடிப்பு இருந்தது. "ஆனா நான் சொன்னாப் போதாது. இரத்தம் சொல்லணும்."

இரண்டு நாள் காத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலை பெரிய டொக்டர் வார்ட்டைச் சுற்றி வந்தபோது றுமைஸா ஒரு தாளோடு அவர் பக்கத்தில் நடந்து வந்தார். பெரிய டொக்டர் தாளை வாசித்தார், சதீஸ்குமாரின் கழுத்தைத் தொட்டார், றுமைஸாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டது முழுதும் சுதர்ஷினிக்குப் புரியவில்லை. ஆனால் இளம் டொக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தாள்.

தாள் அவள் கைக்கு வந்தது. முதல் வரியில் டீ.எஸ்.எச். என்று இருந்தது. எதிரே 0.01-க்கும் கீழே என்று போட்டிருந்தது.

"குறைவுன்னுதானே இருக்கு. நீங்க கூடன்னு சொன்னீங்களே?"

"சரியான கேள்வி" என்றார் றுமைஸா. "டீ.எஸ்.எச். தைரொயிட்ல சுரக்கிறதில்ல. சுரப்பியைப் பார்த்து 'சுர'ன்னு மூளை அனுப்புற கட்டளை. சுரப்பி ஏற்கெனவே அளவுக்கு மேல சுரக்குறதால மூளை கட்டளையையே நிறுத்திட்டுது. அதான் அது அடிமட்டத்துல கிடக்கு. இதோ, ரெண்டாவது வரி, டீ-4. அதுதான் சுரந்து வந்தது. இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு இருக்கு."

சுதர்ஷினி இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று கீழே, ஒன்று மேலே. மூன்று மாதமாகக் கலண்டரில் அவள் எழுதியதற்கு இப்போது ஒரு பெயர் இருந்தது.

"குணமாகுமா டொக்டர்?"

"ஆகும். குளிசை ஒழுங்காப் போடணும். சுரப்பி அடங்குறவரைக்கும் கவ்வாத்து வேண்டாம், வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், இனிப்பு வேண்டாம். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே ஓடி வரணும், அந்தக் குளிசைக்கு அப்படி ஒரு ஆபத்து இருக்கு. இதெல்லாம் செஞ்சா இனிமே கால் விழாது."

சதீஸ்குமார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப நான் நடிக்கலை" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. சுதர்ஷினி அதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"டொக்டர், இதைத் தமிழ்லயும் ஒரு கடிதமா எழுதித் தருவீங்களா? இங்கிலீஷ்ல இருந்தா ஆபீசுல பார்த்துட்டு மடிச்சு வச்சிடுவாங்க. இது எல்லாருக்கும் கேக்கணும்."

றுமைஸா சிரித்தார். உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கத் தன் கையால் எழுதி, ஒப்பமிட்டு, முத்திரையும் குத்தித் தந்தார்.

அடுத்த நாள் பெரட்டுக்கு சுதர்ஷினி போனாள். அவள் அங்கே போக வேண்டிய ஆள் இல்லை. எண்பது பேருக்கு மேல் நின்றார்கள். பெயர் வாசித்து முடிந்ததும் அவள் முன்னால் போய்க் கடிதத்தை மாரிசாமியிடம் நீட்டினாள்.

"சத்தமா வாசிங்க ஐயா. இங்க நிக்கிற எல்லார் முன்னாலயும்தான அவருக்குப் பேர் வச்சாங்க."

மாரிசாமி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முதல் வரிகளை வேகமாகத்தான் வாசித்தார். 'மதுபானத்துக்கும் இந்நோய்க்கும் இவரைப் பொறுத்தவரை எந்தத் தொடர்பும் இல்லை' என்ற இடத்தில் குரல் தாழ்ந்தது. 'இவ்வாறான வேளையில் நோயாளிக்கு வலி தெரியும், ஆனால் தசைகளை அசைக்க முடியாது. உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் இதயம் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்' என்ற இடத்துக்கு வந்தபோது நிறுத்தி, அந்த வரியை மறுபடியும் வாசித்தார். நடிகர் என்று பெயர் வைத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரிசாமி கடிதத்தை மடித்தார். "உசுருக்குப் போராடிக்கிட்டிருந்தவனை நான் நடிக்காதேன்னு சொல்லிட்டேன்மா" என்றார். "இதை நானே ஆபீசுக்குக் கொண்டு போறேன். அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்காம வரமாட்டேன். அவனுக்கு நாற்றுமேடையில லேசான வேலை போட்டுத் தாரேன்."

பகல் ஆவதற்குள் எச்சரிக்கை வாபஸ் ஆனது. அதற்கும் கடிதம் வந்தது. சதீஸ்குமார் அதை ஒரே ஒரு தடவை வாசித்து மகளிடம் கொடுத்தான். அவள் அதன் பின்பக்கத்தில் வீடும் சூரியனும் வரைந்தாள்.

அந்த வாரத்திலிருந்து பிள்ளைமடுவத்தில் குழந்தையை விட வரும் பெண்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். ஒருத்தி தன் கழுத்தைக் காட்டினாள். இன்னொருத்திக்கு முடி கொட்டியது. இராக்கம்மா வந்து, தனக்கு எப்போதும் குளிர்கிறது, எவ்வளவு தூங்கினாலும் கண் சொருகுகிறது, முகம் ஊதிக்கொண்டே போகிறது, கொழுந்து நிறுக்குமிடத்தில் சோம்பேறி என்கிறார்கள் என்று சொன்னாள். சுதர்ஷினி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனாள். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. கழுத்துக் கட்டியோடு வந்தவளை மேலும் சோதிக்க வைத்துக்கொண்டார்கள். இராக்கம்மாவுக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. டீ.எஸ்.எச். எழுபதுக்கு மேல், டீ-4 அடிமட்டத்தில்.

"இவங்க சுரப்பி தூங்குது. மூளை கத்திக் கத்திக் கூப்பிடுது" என்று, டொக்டர் வாய் திறப்பதற்கு முன் சுதர்ஷினி சொன்னாள். றுமைஸா அவளைப் பார்த்து, "இனி நான் எதுக்கு இங்க" என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. இரண்டு மாதத்தில் இராக்கம்மாவின் முகம் வடிந்தது. கூடை நிறைந்தது.

சதீஸ்குமாரின் எண்கள் அவ்வளவு சுலபமாக வரவில்லை. டீ-4 இரண்டாம் மாதமே இறங்கிவிட்டது. டீ.எஸ்.எச். மட்டும் எழும்ப மறுத்தது. நோய் போன பிறகும் அது எழும்பச் சில மாதங்கள் எடுக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சுதர்ஷினி குழந்தைகளின் வெற்று அட்டை ஒன்றை எடுத்து அவனுடைய எடையை அதில் குறித்தாள். கோடு ஏறத் தொடங்கியது. கை நடுக்கம் நின்றது. மாசி மாதக் குளிரில் ஒருநாள் அவன் கம்பளி கேட்டான். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

ஆவணியில் எல்லா எண்களும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தன. குளிசையை இன்னும் ஒரு வருஷம் தொடர வேண்டும் என்றார் றுமைஸா. கவ்வாத்து வெட்டலாம் என்றும் சொன்னார்.

"சாப்பாடு டொக்டர்?"

"சாப்பிடுங்க."

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜஸீல் என்பவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள். ஏழு மாதமாக அளந்து சாப்பிட்ட மனிதன் முதல் தட்டைத் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டான். இரண்டாம் தட்டு வந்தபோது சுதர்ஷினியைப் பார்த்தான். அவள் கறிக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். ஜஸீலே வந்து இனிப்பு வட்டிலாப்பம் வைத்துவிட்டு, "இப்படிச் சாப்பிடுற ஆளைப் பார்த்தா கடைக்காரனுக்கும் வயிறு நிறையும்" என்றார்.

மறுநாள் சதீஸ்குமார் கத்தியைத் தீட்டிக்கொண்டு கவ்வாத்து மலைக்குப் போனான். பின்னேரம் வியர்வையும் தேயிலைக் கறையுமாக வந்து, சோறு கேட்டு, தட்டு நிறைய வாங்கிச் சாப்பிட்டு, உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தான். சுதர்ஷினி அவனைக் கட்டிலில் சாய்த்துப் போர்த்திவிட்டாள். விடியற்காலையில் எழுந்து அவன் எழும்புவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். ஆனால் ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்காத உடம்பு அவளைக் கைவிட்டது.

கண் விழித்தபோது யன்னலில் வெயில் ஏறியிருந்தது. கட்டிலில் அவன் பக்கம் வெறுமையாக இருந்தது. திடுக்கிட்டு எழுந்து வெளியே ஓடினாள். மகள் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா எங்க?"

"அப்பா எப்பவோ பெரட்டுக்குப் போயிட்டாங்க. ரொட்டி சுட்டு வச்சிருக்காங்க. உங்களை எழுப்ப வேணாம்னு சொன்னாங்க." மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குத்தான் நேரமாச்சு."

சுதர்ஷினி ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, முடியை அள்ளி முடிந்தபடி பிள்ளைமடுவத்துக்கு ஓடினாள்.